வசீர்எக்ஸ், காயின்டிசிஎக்ஸ், பைனான்ஸ், சொந்த வாலட்: களவு போனால் யார் கைக்காசு?

சிம்மக்கல் பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ரிட்டர்ன் போடுகிற வேலை எனக்கு. ஜூலை மாதம் வந்தால் டீ குடிக்கக்கூட எழுந்திருக்க முடியாது. சரியாக அந்த நேரம் பார்த்து எங்கள் தெருப் பையன் ஒருத்தன், கப்பலூர் சிட்கோவில் வேலை பார்க்கிறவன், வந்து நின்றான். "அண்ணே, கொஞ்சம் கிரிப்டோ வாங்கிப் போடலாம்னு இருக்கேன், எந்த ஆப்புண்ணே நல்லது?" கையில் நாற்பதாயிரம் வைத்திருக்கிறான். ஒரு பெயரைச் சொன்னால் போய்விடுவான், எனக்கோ அந்த ஒரு பெயர் வாயில் வரவில்லை. அன்று பேச ஆரம்பித்தது ஒரு மணி நேரம் ஓடியது, அதைத்தான் எழுதி வைக்கிறேன். வாங்கலாமா வேண்டாமா என்கிற பஞ்சாயத்து இதில் கிடையாது. வாங்குவது என்று முடிவு செய்தவன் எங்கே வைப்பது என்பது மட்டும்தான்.

அவன் ஏற்கெனவே ஒரு வீடியோ பார்த்திருந்தான். எந்த ஆப்பில் கட்டணம் எவ்வளவு, எதில் எத்தனை காயின், எதில் சேர்ந்தால் போனஸ் என்று அட்டவணை போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதெல்லாம் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் அம்மா முப்பது வருஷமாகத் தெற்காவணி மூல வீதியில் ஒரே அடகுக்கடைக்குத்தான் போகும். இரண்டு கடை தள்ளி வட்டி குறைவு, அங்கே போகாது. காரணம் கேட்டால் ஒரு பழைய கதை சொல்லும். ஒரு தடவை அந்தக் கடையில் பீரோவை உடைத்து நகையை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், கடைக்காரர் திருநகரில் இருந்த தன் மனையை விற்று வாடிக்கையாளர்களுக்குக் கணக்குத் தீர்த்தாராம். அம்மா அந்தக் கடையை நம்பியது களவு போகாத கடை என்று அல்ல, களவு போன கடை என்றுதான். நானும் அந்த அளவுகோலைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் வசீர்எக்ஸ், காயின் வாங்கி விற்கிற ஒரு இந்திய எக்ஸ்சேஞ்ச். 2024 ஜூலை 18 அன்று அவர்களின் ஒரு வாலட்டிலிருந்து, அதாவது காயின் வைக்கிற பெட்டகத்திலிருந்து, சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் போயின. நம் பணத்தில் கிட்டத்தட்ட 2,000 கோடி ரூபாய், அவர்கள் கையில் இருந்த மொத்தத்தில் ஏறக்குறைய 45 சதவீதம். வட கொரியாவின் லாசரஸ் என்கிற ஹேக்கர் கும்பல் வேலை என்று பிறகு அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூன்றும் சேர்ந்து சொன்னன. சரி, திருடன் பெரிய திருடன், ஒத்துக்கொள்கிறேன். என் கோபம் அதற்கு அடுத்து நடந்ததில்தான். பத்து நாளுக்குள் ஒரு யோசனை வைத்தார்கள்: எல்லாருடைய கணக்கிலும் 55 சதவீதத்தைத் திறந்துவிடுவோம், 45 சதவீதத்தைப் பூட்டி வைப்போம், நஷ்டத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வோம். பக்கத்து லாக்கர் உடைந்ததற்கு என் லாக்கரில் பாதியை எடுத்துக்கொள்வேன் என்கிற கதை. திருடு போனது எத்தேரியமும் அந்த நெட்வொர்க்கில் ஓடும் காயின்களும். எக்ஸ்ஆர்பி என்கிற வேறு காயின் மட்டும் வைத்திருந்தவனுக்கும் கதவு சாத்தப்பட்டது. ரூபாயாகக் கிடந்த பணத்தில்கூட முதலில் 66 சதவீதத்தைத்தான் எடுக்கவிட்டார்கள்.

அதைவிட எரிச்சலான விஷயம், கடை யாருடையது என்பதே தெரியாமல் போனது. 2019-இல் வசீர்எக்ஸை பைனான்ஸ் என்கிற பெரிய வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் வாங்கிவிட்டது என்று இருவருமே அறிவித்தார்கள். 2022 ஆகஸ்டில் அமலாக்கத்துறை வசீர்எக்ஸின் வங்கிக் கணக்கை முடக்கியதும், அந்த வாங்கல் முடியவே இல்லை, கம்பெனி எங்களுடையது இல்லை என்று பைனான்ஸ் கையை விரித்தது. வசீர்எக்ஸ்காரர்கள், இல்லை, உங்களுடையதுதான் என்றார்கள். கல்யாணம் முடிந்ததா இல்லையா என்று மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் நடுத்தெருவில் சண்டை போடுகிற கூத்து, அதுவும் நம் பணத்தை மொய்யாக வாங்கி வைத்துக்கொண்டு. களவு போனபின் வழக்கு நடந்தது சிங்கப்பூரில். கணக்குத் திறக்கும்போது பான் கார்டும் ஆதாரும் கேட்ட ஆப்பு, கணக்குத் தீர்க்கும்போது சிங்கப்பூர்க் கம்பெனி ஆகிவிட்டது. அங்கே பணத்தைத் திருப்பித் தரும் திட்டத்துக்கு வாடிக்கையாளர் ஓட்டெடுப்பு, கோர்ட் மறுப்பு, மறுபடி ஓட்டெடுப்பு எல்லாம் முடிந்து 2025 அக்டோபரில்தான் மறுபடி திறந்தார்கள். பதினைந்து மாதம். களவு நடந்த நாள் விலையை வைத்துச் சுமார் 85 சதவீதம் முதலில், மீதிக்கு ஒரு டோக்கன், லாபம் வந்தால் பிறகு தருவார்களாம். இடைப்பட்ட காலத்தில் பிட்காயின் 65,000 டாலர் பக்கத்திலிருந்து ஒரு லட்சத்துக்கு மேலே போய் வந்தது, அதைக் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்ததற்கு யாரும் கணக்குப் போடவில்லை.

இதில் நமக்கு ஒரே ஆறுதல் சென்னை உயர் நீதிமன்றம். சென்னையிலிருந்து பணம் போட்ட ஒருவரின் எக்ஸ்ஆர்பி விவகாரத்தில், 2025 அக்டோபரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ ஒரு சொத்துதான், இன்னொருவருக்காக நம்பிக்கையின்பேரில் வைத்திருக்கக் கூடியது என்றார், அந்தக் காயின்கள் களவு போனவற்றில் சேரவில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். எங்கள் ஆபீஸில் அந்த உத்தரவைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்திருக்கிறோம்.

அப்புறம் காயின்டிசிஎக்ஸ், இதுவும் இந்திய எக்ஸ்சேஞ்ச்தான். தேதியைக் கவனியுங்கள்: 2025 ஜூலை 19. வசீர்எக்ஸ் களவிலிருந்து சரியாக ஒரு வருஷமும் ஒரு நாளும். போனது சுமார் 4.4 கோடி டாலர், 378 கோடி ரூபாய் பக்கம். வாடிக்கையாளர் காயின் இருந்த வாலட் அல்ல, வேறொரு எக்ஸ்சேஞ்சில் வியாபாரம் ஓட்டுவதற்காகக் கம்பெனி வைத்திருந்த சொந்தக் கணக்கு. நஷ்டம் முழுதும் கம்பெனி கஜானாவிலிருந்து என்று அறிவித்தார்கள், வாடிக்கையாளர் தலையில் கட்டவில்லை. திருநகர் மனையை விற்ற ஆள் மாதிரி. முழு மார்க் போட்டுவிடலாம் என்றால் ஒரு முள் இருக்கிறது. காயின் கைமாறுவதையெல்லாம் பதிகிற பொதுக் கணக்கான பிளாக்செயினைத் தோண்டிப் பார்க்கிற ஒரு ஆசாமி வெளியே போட்டு உடைத்த பிறகுதான் இவர்கள் வாயைத் திறந்தார்கள், அதற்குள் பதினேழு மணி நேரம் போல ஓடிவிட்டது. பிறகு அங்கே வேலை பார்த்த ஒரு இன்ஜினியரையே பெங்களூரு போலீஸ் பிடித்தது. ஆபீஸ் லேப்டாப்பில் பகுதிநேர வேலை பார்க்கப் போய், அந்த வழியாகத் திருடன் உள்ளே வந்தான் என்பது போலீஸ் சொன்ன கதை. ஆக, பணத்தைக் கொடுத்ததில் நல்ல பேர், சொல்லுவதில் தாமதம்.

இந்த இரண்டையும் விட எனக்குப் பாடம் சொன்னது பைபிட் என்கிற வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச். 2025 பிப்ரவரி 21, சுமார் 150 கோடி டாலர், நாலு லட்சம் எத்தேரியம் ஒரே மூச்சில். எப்படிப் போனது என்பதைப் பத்திர ஆபீஸ் பாஷையில் சொன்னால் சட்டென்று புரியும். வாலட்டிலிருந்து காயின் நகர வேண்டுமென்றால் மூன்று நான்கு பேர் கையெழுத்துப் போட வேண்டும், ஒருத்தன் கெட்டுப்போனாலும் மற்றவன் தடுப்பான் என்கிற ஏற்பாடு. நம்மூரில் கூட்டுப் பட்டா நிலத்தை விற்க எல்லாப் பங்காளியும் கையெழுத்துப் போடுகிற மாதிரி. திருடன் செய்தது என்னவென்றால், திரையில் தெரிகிற பத்திரத்தை மட்டும் மாற்றினான். பங்காளிகள் படித்தது வாடகை ஒப்பந்தம், கையெழுத்து விழுந்தது கிரயப் பத்திரத்தில். திரையில் காட்டியது ஒன்று, கையெழுத்தானது வேறு என்றுதான் வசீர்எக்ஸும் சொன்னது. அப்படியானால் மூன்று பேர் பூட்டு, ஐந்து பேர் பூட்டு என்று ஆப்பில் விளம்பரம் செய்வதைப் பார்த்து மயங்க ஒன்றுமில்லை, எல்லாரும் ஒரே கண்ணாடியில் பார்த்தால் ஐந்து பேரும் ஒரு ஆள்தான்.

ஆனால் பைபிட் தலைவர் பென் ஜோ சில மணி நேரத்தில் நேரலையில் வந்து உட்கார்ந்தார், பணம் எடுப்பதை மூடவில்லை, கடன் வாங்கியும் விலைக்கு வாங்கியும் மூன்று நாளில் ஓட்டையை அடைத்தார்கள். வசீர்எக்ஸில் போனதைவிட ஆறு மடங்கு தொகை. பெரிய கம்பெனி, முடிந்தது என்பீர்கள். இருக்கலாம். என் கணக்கும் அதுதான், முடிகிறவனிடம்தானே வைக்க வேண்டும்?

அப்படியென்றால் எல்லாரும் பைனான்ஸுக்கே போய்விடலாமே என்றான் பையன். கேள்வி நியாயம்தான். 2019-இல் அவர்களிடம் 7,000 பிட்காயின் களவு போனபோது, அதற்கென்று முன்பே ஒதுக்கி வைத்திருந்த நிதியிலிருந்து கொடுத்தார்கள். 2025 அக்டோபர் 10 அன்று சந்தை சரிந்த இரவில், ஒரு டாலர் இருக்க வேண்டிய ஒரு காயின் அவர்கள் எக்ஸ்சேஞ்சில் மட்டும் 65 சென்ட்டுக்கு விழுந்து பலரின் கணக்கைக் காலி செய்தது. அதற்கும் சுமார் 28 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தார்கள். கொடுக்கிற கை. ஆனால் அதே கம்பெனி அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 430 கோடி டாலர் கட்டியது, நிறுவனர் நாலு மாதம் ஜெயிலில் இருந்தார். இந்தியாவில் பதிவு செய்யாமல் ஓட்டியதற்கு நிதிப் புலனாய்வுப் பிரிவு 2024-இல் 18.82 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அதற்கு முன் அந்த ஜனவரியில் வலைத்தளத்தையே முடக்கியபோது காயின் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். இப்போது பதிவு செய்துவிட்டார்கள், சரி. அந்தப் பதிவு கறுப்புப்பண விவகாரத்துக்கு மட்டும்தான், நம் காசுக்கு ஜாமீன் இல்லை. வங்கியில் போட்டால் ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு, இந்த நாலு இடத்திலும் ஐந்து பைசாவுக்குக்கூட அப்படி ஒன்று கிடையாது.

வெளிநாட்டு ஆப்பில் இன்னொரு தொல்லை, ரூபாயை உள்ளே போடுகிற வழி. முன்பின் தெரியாத ஆளிடம் நேரடியாக வாங்குகிற பி2பி. திருமங்கலத்தில் இருக்கிற என் மச்சான் அப்படித்தான் மாட்டினான், ஆப்பு பெயரும் வங்கி பெயரும் வேண்டாம். காயினை விற்றான், 18,400 ரூபாய் கணக்கில் விழுந்தது, ஆயிற்று என்று இருந்தான். மூன்று வாரம் கழித்து ஏடிஎம்மில் பணம் வரவில்லை. அந்த 18,400 வேறு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றி எடுத்த பணமாம், அந்த ஊர் சைபர் போலீஸ் சொல்லி வங்கிக்காரன் கணக்கையே நிறுத்திவிட்டான். சம்பளம் அதே கணக்கில்தான் வரும். "மாமா, நான் திருடனா?" என்று ராத்திரி பதினொன்றுக்கு போன் பண்ணிக் கேட்டான். அந்த மாநில ஸ்டேஷனுக்கு ஈமெயில், திரும்ப ஈமெயில், காயின் விற்ற ஸ்கிரீன்ஷாட், பான், கடைசியில் நாலு மாதம் கழித்துத்தான் விடுதலை. காயினில் அவன் சம்பாதித்த லாபம் 1,100 ரூபாய். இது போக, பி2பியில் வாங்குகிறவன்தான் ஒரு சதவீத டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டும், அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. எங்கள் ஆபீஸில் அதைக் கேட்டு வந்தவர்கள் இதுவரை இரண்டே பேர். இந்திய ஆப்பில் அந்த ஒரு சதவீதத்தை அவர்களே பிடித்துவிடுவார்கள், வரித்துறையில் நம் பான் பெயரில் இருக்கிற பதிவில் வந்து உட்கார்ந்துவிடும், ரிட்டர்ன் போடுகிற எனக்கு வேலை சுலபம். லாபத்தில் 30 சதவீதம் எங்கே வைத்தாலும் உண்டு, ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது.

சொந்த வாலட்டுக்கு வருகிறேன். இதில் கடைக்காரரே கிடையாது, பீரோ சாவி நம் இடுப்பில். பன்னிரண்டு அல்லது இருபத்துநாலு ஆங்கில வார்த்தைகள், அதுதான் சாவி. யாரும் ஓட்டெடுப்பு நடத்த மாட்டான், யாரும் 45 சதவீதம் பூட்ட மாட்டான். ஆனால் தவறும் முழுக்க நம் கைக்காசு. நான் எழுதி வைத்த தாளை முதலில் பழைய எல்ஐசி டைரிக்குள் செருகியிருந்தேன், ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் கரையான் டைரியின் ஓரத்தை அரித்துக்கொண்டு வந்திருக்கிறது, இருபத்துமூன்றாவது வார்த்தையில் கடைசி எழுத்து இல்லை. நல்லவேளை, அந்த 2,048 வார்த்தைப் பட்டியலில் முதல் நாலு எழுத்து தெரிந்தாலே வார்த்தை எது என்று கண்டுபிடித்துவிடலாம். அந்தப் பத்து நிமிஷம் வேர்த்த வேர்வை சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில்கூட வேர்த்ததில்லை. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் வைத்திருப்பவர்களைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

அனுப்புவதிலும் கவனம் வேண்டும். டாலர் மதிப்பை ஒட்டிய யுஎஸ்டிடி காயினுக்கு ஒரே பெயர், ஆனால் ட்ரான் நெட்வொர்க் முகவரி டி என்ற எழுத்தில் ஆரம்பிக்கும், எத்தேரியம் முகவரி பூஜ்யம் எக்ஸ் (0x) என்று ஆரம்பிக்கும், மாற்றிப் போட்டுவிடக் கூடாது. ஒரு தடவை நான் எக்ஸ்சேஞ்ச் கணக்குக்கு எக்ஸ்ஆர்பி அனுப்பும்போது கூடவே போட வேண்டிய டேக் எண்ணை விட்டுவிட்டேன். அது கட்டடத்து முகவரி எழுதி வீட்டு நம்பர் எழுதாத மணியார்டர் மாதிரி, காயின் போய்ச் சேர்ந்தது, யாருடையது என்று தெரியாது. டிக்கெட் போட்டேன், "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று மெஷின் பதில். நாற்பத்தொரு நாள். அதற்குப் பிறகு எவ்வளவு அனுப்புவதாக இருந்தாலும் முதலில் ஐந்நூறு ரூபாய் அளவு அனுப்பி, வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தபின்தான் மீதி.

"அப்ப நீங்க எதுலதாண்ணே வச்சிருக்கீங்க?" என்றான் பையன். வாங்குவதும் விற்பதும் இந்திய ஆப்பில், இன்றைய தேதிக்கு என்னிடம் இருப்பது காயின்டிசிஎக்ஸ். வருஷக்கணக்கில் தொடாமல் விடுகிறது எல்லாம் சொந்த வாலட்டில். பைனான்ஸில் ஒன்றும் இல்லை, ரூபாய் வழி சுத்தமாகும்வரை போவதாகவும் இல்லை. நாற்பதாயிரம் மட்டும் வைத்திருக்கிற அவனுக்கு ஹார்டுவேர் வாலட், அதாவது சாவியை வைத்துக்கொள்கிற தனிக் கருவி, வாங்கச் சொன்னால் காசில் ஒரு நல்ல பங்கு பெட்டிக்கே போய்விடும், அதனால் ஆப்பிலேயே வைத்துக்கொள் என்றேன். ஆனால் நாற்பதாயிரத்தையும் போடுவதற்கு முன்னால் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி, விற்று, வங்கிக் கணக்குக்குத் திரும்ப எடுத்துக் காட்டு என்று சொல்லியிருக்கிறேன். நேற்றுச் சாயங்காலம் மெசேஜ் போட்டிருந்தான்: "போட்டாச்சுண்ணே, எடுக்குற பட்டன் எங்க இருக்கு?"