பந்து என்ன பட்டமா? மகனின் காற்பந்துப் பயிற்சி வகுப்புக்கு 5-ல் 2 நட்சத்திரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிள்ளையின் அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது என்பதற்காக இதை எழுதவில்லை. நான் பாலிடெக்னிக்கில் ஆடிய அணி இரண்டு வருடத்தில் ஜெயித்த ஆட்டங்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம், அதிலும் ஒன்று எதிரணி ஆள் சேராமல் விட்டுக்கொடுத்தது. தோற்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் பயிற்சி என்று காசு வாங்கிக்கொண்டு பயிற்சியே கொடுக்காததை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம், மகன் தொடக்கநிலை 5, அதாவது ஐந்தாம் வகுப்பு. சனிக்கிழமை காலை ஒன்றரை மணி நேர வகுப்பு, ஞாயிறு 12 வயதுக்குட்பட்டோர் லீக். பத்து வாரப் பருவத்துக்கு 380 வெள்ளி, சீருடைக்கு ஒரு தடவை 85, லீக்கில் சேர ஒரு தடவை 120. மூன்று பருவம் முடிந்தது, மொத்தம் 1,345 வெள்ளி. ஆட்டம் முடிந்து வாங்கிக் கொடுத்த பரோட்டாவும் மைலோவும் தனிக் கணக்கு. இடத்தின் பெயரைப் போடப் போவதில்லை, மகனின் கூட்டாளிகள் இன்னும் அங்கேதான் ஆடுகிறார்கள்.

நல்லதைச் சொல்லிவிடலாம், சீக்கிரம் முடிந்துவிடும். நேரத்துக்கு ஆரம்பிப்பார்கள். மின்னல் எச்சரிக்கை விளக்கு எரிந்த மறு நொடி பிள்ளைகள் எல்லாரும் கூரைக்கு அடியில் இருப்பார்கள், இந்த ஊரில் அது சின்ன விஷயமில்லை. யாருக்காவது கால் பிசகினால் ஐஸ் பை தயாராக இருக்கும். அவ்வளவுதான். அந்த மின்னலிலும் ஒரு வில்லங்கம் உண்டு: வகுப்பு தொடங்கி அரை மணி நேரம் தாண்டிவிட்டால் அது நடந்த வகுப்பாகக் கணக்கு, பதில் வகுப்பு கிடையாது. காலையில் சுமத்ரா சூறைக்காற்று அடிக்கும் மாதங்களில் இது எத்தனை முறை நடக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்குப் போன பருவத்தில் மூன்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தாக்குதல் என்று இந்த அணிக்கு இருக்கும் திட்டம் ஒரே வரிதான்: பந்து காலுக்கு வந்தால் தூக்கி அடி, முன்னால் நிற்கும் உயரமான பையனைப் பார்த்து அடி. அந்தப் பையனுக்கு இன்னும் பன்னிரண்டு முடியவில்லை, என் தோள் உயரம் இருக்கிறான். கோச் அவனை 'டவர்' என்றுதான் கூப்பிடுவார். ஒன்பது பேர் ஆட்டம் இது, மற்ற எட்டுப் பேரும் நம் பாதியில் குவிந்திருக்க, அவன் மட்டும் எதிரணியின் மூன்று பேருக்கு நடுவில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி நிற்பான். பந்து அவன் தலைக்கு மேல் போகும், அவன் திரும்பி ஓடுவான், எதிரணி கீப்பர் நிதானமாக வந்து எடுத்துக்கொள்வான். மறுபடியும் முதலிலிருந்து. அவனுடைய அம்மா ஒருநாள் என்னிடம், "வீட்டுக்கு வந்து கால் வலிக்குதுங்கிறான் அண்ணே, ஓடி இல்ல, நின்னு" என்றார்.

என் அப்பாவும் சில ஞாயிறு வருவார். பழைய தேசிய விளையாட்டரங்கில் ரசிகர்கள் எழுப்பிய காலாங் கர்ஜனையைக் காதால் கேட்ட ஆள், சிங்கப்பூர் ஆட்டக்காரர் வி. சுந்தரமூர்த்தி 1993-ல் புருணைக்கு எதிராக அந்தரத்தில் படுத்து உதைத்துப் போட்ட கோலைப் பற்றி ஆரம்பித்தால் கையிலிருக்கும் கோப்பி ஆறிப்போகும். அவர் இந்தப் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "பந்து என்ன பட்டமாடா, காத்துல விட்டுக்கிட்டே இருக்கானுங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கோல் கிக்கை எடுத்துக்கொள்ளுங்கள், எதிரணி தட்டி நம் கோல் கோட்டுக்கு வெளியே போன பந்தை நாம் கோலுக்கு முன்னாலிருந்து உதைத்து ஆட்டத்தைத் தொடங்குவது. முன்பெல்லாம் பந்து கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி கட்டத்தைத் தாண்டினால்தான் ஆட்டம் தொடங்கியதாகக் கணக்கு. 2019-ல் அந்த விதியை மாற்றிவிட்டார்கள், கீப்பர் உதைத்துப் பந்து நகர்ந்தாலே போதும், நம் ஆள் கட்டத்துக்குள்ளேயே நின்று வாங்கிக்கொள்ளலாம், எதிரணிக்காரர்கள் அதுவரை வெளியேதான் நிற்க வேண்டும். பதினொரு வயசுக் காலுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. எங்கள் கீப்பரோ இன்றைக்கும் பந்தை வைத்துவிட்டு ஐந்தடி பின்னால் போய், ஓடி வந்து, உயிரைக் கொடுத்து உதைக்கிறான். அது நடுக்கோட்டுக்கு முன்னாலேயே இறங்கும், எதிரணி நடுக்களப் பையன் நெஞ்சில் வாங்கித் திரும்ப நம் கோலை நோக்கி வருவான். ஒரு ஆட்டத்தில் உட்கார்ந்து எண்ணினேன், பதினொரு கோல் கிக், அதில் ஒன்பது நேராக எதிரணிக்கு. ஒன்பது முறை நாமே தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறோம். அப்புறம் தற்காப்பு சரியில்லை என்று பிள்ளைகளைத் திட்டினால் எப்படி?

பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கையால் எறியும் த்ரோ-இன்னும் அதே கதைதான். எதிரணித் தற்காப்பைத் தாண்டி முன்னால் நின்று பந்து வாங்கினால் தப்பு என்கிற ஆஃப்சைட் த்ரோ-இன்னில் கிடையாது என்பது அணியில் பாதிப் பேருக்குத் தெரியாது. என் மகனுக்கு நான் சொல்லித்தான் தெரியும், அதை அவன் கோச்சிடம் போய்க் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான், அப்பா சொன்னால் போதாதாம்.

இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை திடீரென்று வருவதில்லை, சனிக்கிழமையே விதைத்ததுதான். ஒருநாள் கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்தேன். முதல் இருபது நிமிடம் திடலைச் சுற்றி ஓட்டம், உடம்பு வளைத்தல். பிறகு கூம்புகளுக்கு நடுவில் பந்தை உருட்டிக்கொண்டு போய்க் கோலில் அடிப்பது, அதற்குப் பதினான்கு பிள்ளைகளும் ஒரே வரிசை. இருபத்தைந்து நிமிடத்தில் என் மகனுக்கு ஐந்து முறை வாய்ப்பு வந்தது. மீதி நேரம் பிள்ளைகள் தண்ணீர்ப் புட்டியை வைத்து ஒருவர் முதுகில் ஒருவர் தட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கூம்பு வந்து பந்தைப் பிடுங்குமா? எதிரில் ஒரு ஆள் நின்று காலை நீட்டினால் என்ன செய்வது என்பதுதானே ஆட்டம். நாலு பேர் சுற்றி நின்று, நடுவில் ஒருவனை விட்டு, அவனிடம் சிக்காமல் பந்தைத் தட்டுகிற ரொண்டோ என்று ஒன்று இருக்கிறது, பார்சலோனாவில் சின்னப் பிள்ளைகளிலிருந்து பெரிய அணி வரை அதைத்தான் ஆடுகிறார்கள். சின்னதாக ஒரு சதுர இடமும் ஒரு பந்தும் போதும். மூன்று பருவத்தில் ஒருநாள் கூட அதை இங்கே பார்க்கவில்லை.

சேரும்போது வேறொருவரைக் காட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இலவச வகுப்பில் வந்தவர் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் உரிமம் பெற்ற தலைமைப் பயிற்றுவிப்பாளர், குனிந்து பிள்ளையின் கண்ணைப் பார்த்துப் பேசினார், அதைப் பார்த்துத்தான் பணம் கட்டினோம். அதன் பிறகு அவரைச் சுவரொட்டியில்தான் பார்க்கிறோம். மூன்று பருவத்துக்கு மூன்று கோச் மாறிவிட்டார்கள், இப்போது இருப்பவர் இளைஞர், கெட்டவர் இல்லை, ஆனால் அவருக்கே யாராவது கற்றுக்கொடுத்தால் தேவலை. ஆட்டம் நடக்கும்போது ரிமோட் கண்ட்ரோல் வைத்திருப்பவர் மாதிரி கோட்டோரம் ஓடிக்கொண்டே, "லெஃப்ட்! ரைட்! கிளியர் இட்! கிளியர் இட்!" பந்து காலுக்கு வந்ததும் பிள்ளைகள் திடலைப் பார்ப்பதில்லை, கோச் முகத்தைப் பார்க்கிறார்கள்.

லீக்கில் எட்டு ஆட்டம், ஏழு தோல்வி, ஒரு டிரா. வாங்கியது 29 கோல். போட்டது மூன்று, அதில் ஒன்று எதிரணியே தன் வலைக்குள் தட்டிக்கொண்டது, இன்னொன்று பெனால்டி.

மூன்றாவது கோலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆறாவது ஆட்டம், அப்போதே நாலு கோல் வாங்கியாகிவிட்டது. எங்கள் இடதுபக்கத் தற்காப்பில் ஆடுவது ஒரு சின்ன மலாய்ப் பையன், மகனின் நெருங்கிய கூட்டாளி, இருவரும் புளோக்குக்குக் கீழே இருக்கும் காங்கிரீட் திடலில் சாயங்காலம் முழுக்க ஆடுகிறவர்கள். பந்து அவன் காலுக்கு வந்தது. கோட்டோரத்திலிருந்து "கிளியர் இட்!" அவன் காலைத் தூக்கினான், தூக்கிய காலை அப்படியே நிறுத்திவிட்டு உள்ளங்காலால் பந்தை மெதுவாக என் மகனிடம் உருட்டினான். தூக்கி அடிப்பான் என்று நினைத்து எதிரணிப் பையன் முதுகைத் திருப்பிவிட்டிருந்தான். மகன் ஒரே தட்டில் முன்னால் விட்டான், அந்தச் சின்னப் பையன் ஓடிப் போய் எடுத்துக்கொண்டு கோட்டோரமாகவே போனான், இன்னும் "கிளியர் இட்!" கேட்டுக்கொண்டே இருக்கிறது, குறுக்கே தரையோடு தட்டினான், டவர் சும்மா காலை வைத்தான். கோல். அந்த உயரமான பையன் மூன்று பருவத்தில் காலால் போட்ட முதல் கோல் அது, என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் அம்மா என் தோளில் குத்தியது இரண்டு நாள் வலித்தது.

ஆட்டம் முடிந்து கோச் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். சொன்னபடி கேட்க வேண்டும், தற்காப்பில் ரிஸ்க் எடுக்கக் கூடாது என்றார். கோலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த ஆட்டத்தில் அந்தச் சின்னப் பையனை உட்கார வைத்துவிட்டுக் கடைசி நாலு நிமிடம்தான் இறக்கினார்கள். மற்றவர்கள் கட்டிய அதே 120 வெள்ளியைத்தான் அவன் வீட்டிலும் கட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட ஆட்டத்தில் வந்த பிள்ளை ஒவ்வொன்றும் பாதி ஆட்டமாவது ஆட வேண்டும் என்பேன், ஜெயிக்கிற அணியாக இருந்தாலும் சரி. இவர்கள் ஜெயிக்கவும் இல்லை.

நான் கோச்சிடம் பேசாமல் இல்லை. கோபப்படாமல், தனியாகக் கூப்பிட்டு, பின்னாலிருந்து பாஸ் செய்து பழகலாமே, தோற்றால் தோற்கட்டுமே என்றேன். "டிஃபன்ஸ் ஃபர்ஸ்ட், பிரதர்" என்றார். எந்த டிஃபன்ஸ், 29 வாங்கியதா என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் போட்டேன், பதிலாக அடுத்த பருவத்துக்கான முன்பதிவுச் சலுகை வந்தது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். லீக்கில் சில அணிகள் வாரம் மூன்று நாள் பயிற்சி எடுப்பவை, விளையாட்டுத் திறமையை வைத்து உயர்நிலைப் பள்ளியில் இடம் வாங்கும் நேரடிப் பள்ளிச் சேர்க்கைத் திட்டத்தை மனத்தில் வைத்து ஆடும் பிள்ளைகள். அவர்களிடம் ஆறு கோல் வாங்கியதில் எனக்கு வருத்தமே இல்லை. வருத்தம், முதல் ஆட்டத்தில் தோற்ற அதே மாதிரி எட்டாவது ஆட்டத்திலும் தோற்றது. நடுவில் எதையும் மாற்றிப் பார்க்கவில்லை, ஒருவனை இடம் மாற்றி நிறுத்தக்கூட இல்லை.

2025 நவம்பர் 18-ஆம் தேதி இரவு சிங்கப்பூர் ஹாங்காங்கில் ஆடியதை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். முதல் பாதியில் ஒரு கோல் பின்னால், இரண்டாம் பாதியில் ஷவால் அனுவாரும் இல்ஹான் ஃபாண்டியும் ஆளுக்கொன்று போட்டு 2-1. 1984-ல் போட்டியை நடத்திய நாடு என்பதால் கிடைத்த இடத்தை விட்டால், ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து நாம் போவது இதுதான் முதல் தடவை. அப்பா எழுந்து நின்று கைதட்டினார், மேல் வீட்டில் யாரோ தரையைத் தட்டினார்கள், சந்தோஷத்திலா கோபத்திலா தெரியவில்லை. மகன் மட்டும் யோசனையாக, "அப்பா, பிரேக்ல அவங்க கோச் என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டான். அவனுக்குத் தெரிந்த இடைவேளைப் பேச்சு, ஆரஞ்சுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு திட்டு வாங்குவதுதான்.

யாருக்கு இந்த வகுப்பு சரிப்படும் என்று கேட்டால், சனிக்கிழமை காலையில் பிள்ளை திரையைப் பார்க்காமல் வெயிலில் ஓடினால் போதும் என்பவர்களுக்குச் சரி, பாதுகாப்பான இடம்தான், அந்த இரண்டு நட்சத்திரம் அதற்கு. காற்பந்து கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் இலவச வகுப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், சாதாரண சனிக்கிழமை ஒன்றில் சொல்லாமல் போய் ஓரமாக நின்று, வரிசையில் எத்தனை பிள்ளைகள் சும்மா நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஞாயிறு ஆட்டத்தையும் ஒருமுறை பாருங்கள், அங்கே கோச் குரல் எவ்வளவு கேட்கிறது என்று.

நாங்கள் ஃபுட்சால் பக்கம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். சின்னத் திடல், அணிக்கு ஐந்து பேர், அதிகம் துள்ளாத பந்து, தூக்கி அடித்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதே எனக்குப் பாதி நிம்மதி. ஆனால் மகனைக் கேட்டால், அந்த மலாய்ப் பையன் எங்கே போகிறானோ அங்கேதான் தானும் போவானாம். அடுத்த பருவத்துக்குப் பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள். நேற்று அந்தப் பையனின் அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது, தன் மகன் எங்கள் பிள்ளை இருந்தால்தான் இருப்பேன் என்கிறானாம், நாங்கள் கட்டிவிட்டோமா என்று கேட்டிருக்கிறார்.