குளிர்காலத்துக்குப் பெல்லட் கிரில் வாங்குவோர் முதலில் மூடியின் விளிம்பைப் பாருங்கள்

இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் நான் வாங்கிய பெல்லட் கிரில், அதாவது மரத்தூள் கட்டிகளை எரித்துச் சமைக்கும் அடுப்பு, என்னைக் குளிர்காலம் முழுவதும் அலைக்கழித்தது. உறைபனியிலும் வெளியில் வைத்து நீண்ட நேரம் இறைச்சி வேகவைப்பதற்காகவே அதை வாங்குகிறேன் என்பதையும், குளிர் மைனஸ் 15 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் என்பதையும் விற்பனையாளரிடம் இரண்டு முறை சொன்னேன். அவர் அடுப்பின் உருளை வடிவ வயிற்றுப் பகுதியைத் தட்டிக் காட்டி, "இது இரட்டைச் சுவர் சார், எந்தக் குளிரையும் தாங்கும்" என்றார். பெட்டியின் மேலும் அதே சொல் பெரிய எழுத்தில் இருந்தது. எந்தப் பகுதி இரட்டைச் சுவர் என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியை நீங்கள் கேட்டுவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இந்த அடுப்பு இயங்கும் விதம் எளிமையானது. மரத்தூளை அழுத்திச் செய்த, ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள பெல்லட்டுகளை, ஹாப்பர் என்னும் சேமிப்புத் தொட்டியிலிருந்து ஆகர் என்னும் திருகுத்தண்டு சிறிது சிறிதாக எரிகிண்ணத்துக்குத் தள்ளுகிறது; சூடேறும் கம்பியொன்று தீயைப் பற்றவைக்க, மின்விசிறி காற்றை ஊட்டுகிறது; எவ்வளவு பெல்லட் தள்ள வேண்டும் என்பதைக் கன்ட்ரோலர் முடிவு செய்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ ட்ரேகர் உருவாக்கிய இந்த வடிவமைப்புக்கு 1986இல் கிடைத்த காப்புரிமை 2006இல் முடிவடைந்த பின், பல நிறுவனங்கள் இதைச் செய்யத் தொடங்கின. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே உருளையாகத்தான் தெரிகின்றன. இதமான வானிலையில் ஏறக்குறைய எல்லாமே ஒழுங்காக வேலையும் செய்கின்றன. வேறுபாடு குளிரில்தான் வெளிப்படும்.

சுவர் வழியாக வெளியேறும் வெப்பம், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. உள்ளே 110 டிகிரியும் வெளியே 20 டிகிரியும் இருந்தால் வேறுபாடு 90. வெளியே மைனஸ் 15 ஆகும்போது அது 125 ஆகிறது. அதாவது காற்றே வீசாவிட்டாலும் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதல் வெப்பத்தை அடுப்பு ஈடு செய்ய வேண்டும். காற்று வீசினால் இழப்பு இன்னும் கூடும். ஒரு கிலோ நல்ல பெல்லட்டில் கிடைப்பது ஏறத்தாழ 5 கிலோவாட் மணி ஆற்றல்தான் என்பதால், தகடு மெல்லியதாக இருந்தால் ஹாப்பர் கண்முன்னே காலியாகும். விளம்பரத்தில் பி.டி.யு. என்னும் வெப்ப அலகில் தரும் எண் பெரிதாக இருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். அடுப்பு எவ்வளவு எரிக்க வல்லது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது, எவ்வளவு வெப்பத்தைத் தக்கவைக்கும் என்பதைச் சொல்வதில்லை.

மைனஸ் 12 டிகிரியில் நான் முதன்முறை சமைத்த அன்று, 110 டிகிரியை எட்டவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எட்டிய பின்னும் அது 85க்கும் 125க்கும் இடையே ஊசலாடிக்கொண்டிருந்தது. இலையுதிர் காலத்தில் இரவு முழுவதும் தாங்கிய அதே அளவு பெல்லட் மாலைக்குள் தீர்ந்துவிட்டது. அன்று மெல்லிய பனி பெய்துகொண்டிருந்தது. ஹாப்பரின் மேல் பனி வெள்ளையாகப் படிந்திருக்க, மூடியின் மேல் விழுந்தது மட்டும் விழுந்த கணமே உருகி வழிந்ததைக் கண்டபோதுதான் எனக்கு ஐயம் எழுந்தது. அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து பார்த்தேன்: அடிப்பகுதியின் வெளிப்புறம் 21 டிகிரி, மூடியின் வெளிப்புறம் 58 டிகிரி. அடுப்பு ஆறிய பின் மூடியைத் தூக்கி விளிம்பைப் பார்த்தேன். ஒற்றைத் தகடு, விளிம்பில் கசிவைத் தடுக்கும் நார்ப்பட்டை கூட இல்லை. சூடான காற்று மேலெழுந்து முதலில் தொடும் இடம் மூடிதான். அதை அப்படியே விட்டுவிட்டு, கீழ்ப்பாதிக்கு மட்டும் இரண்டாவது தகடு வைத்து, முழு அடுப்பையும் இரட்டைச் சுவர் என்று விற்றிருக்கிறார்கள்.

கன்ட்ரோலரைப் பற்றியும் எனக்கு உண்மை சொல்லப்படவில்லை. "டிஜிட்டல்" என்ற சொல்லைக் கேட்டு, வெப்பநிலையை இடைவிடாது கணித்து ஊட்டத்தைச் சிறுகச் சிறுக மாற்றும் பி.ஐ.டி. வகை என்று நினைத்துக்கொண்டேன். என்னிடம் வந்ததோ, திரையில் எண் காட்டும் பழைய நேரக்கணக்கு வகை. குறைந்த வெப்பத்தில் அது சில விநாடிகள் பெல்லட் ஊட்டும், பிறகு ஏறத்தாழ ஒரு நிமிடம் நிறுத்தும். வெளியே எவ்வளவு குளிர் என்பது அதற்குத் தெரியாது. குளிர் நாட்களில் அந்த நிறுத்த இடைவெளியை நாமே குறைத்து வைக்க வேண்டும் என்பதைக் கூட நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

இதன் விளைவு வெறும் எரிபொருள் நட்டத்தோடு நிற்கவில்லை. ஒரு நாள் இரவு, புகை மட்டும் வரும் குறைந்த வெப்பத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காற்றில் தீ அணைந்துவிட்டது. ஆனால் ஆகர் பெல்லட்டைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. விடியற்காலையில் திரையில் வெப்பநிலை மிகக் குறைந்திருப்பதைக் கண்டு, மூடியைத் திறந்து பார்க்காமலேயே அணைத்து மீண்டும் இயக்கினேன். சில நிமிடங்களில் அடர்ந்த வெண்மஞ்சள் புகை கிளம்பியது. அடுத்துப் பெரிய ஓசையுடன் மூடி தானாகத் தூக்கி எறியப்பட்டது. நிரம்பி வழிந்த எரிகிண்ணத்திலிருந்து எழுந்த புகை, எரியக்கூடிய வாயுவாகத் தேங்கி ஒரேயடியாகப் பற்றியிருக்கிறது. நான் இரண்டடி தள்ளி நின்றதால் தப்பித்தேன். தீ அணைந்ததாகத் தெரிந்தால் மின்சாரத்தைத் துண்டித்து, அடுப்பு முற்றிலும் ஆறும்வரை காத்திருந்து, கம்பித் தட்டையும் கொழுப்புத் தட்டையும் எடுத்துவிட்டு, கிண்ணத்தைக் காலி செய்த பின்னரே மீண்டும் பற்றவைக்க வேண்டும். உள்ளே இருந்த இறைச்சி, கிருமிகள் பெருகும் 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பத்தில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்று தெரியாததால் அதைத் தூக்கிப் போட்டேன்.

முறையிடச் சென்றபோது, அடுப்பின் மேல் போர்த்தும் குளிர்காலப் போர்வை ஒன்றை வாங்கச் சொன்னார்கள். அதையும் வாங்கினேன். அது வேறொரு மாடலுக்குத் தைக்கப்பட்டது. புகைபோக்கியின் வாயைப் பாதி மூடிக்கொண்டதால் தீ மூச்சுத் திணறி, உணவில் கசப்புப் படிந்தது. மறுபடியும் போனேன். அப்போது அந்த விற்பனையாளர் சொன்ன யோசனையை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் அடங்கவில்லை: "கராஜுக்குள்ள வச்சு, கதவைத் திறந்து விட்டுட்டுச் சமைங்க சார்." மரம் எரியும் எந்த அடுப்பும் கார்பன் மோனாக்சைடை வெளியிடும், அதற்கு நிறமோ மணமோ கிடையாது, கதவு திறந்திருப்பது பாதுகாப்பாகாது. பெல்லட் கிரிலை எந்த நிலையிலும் வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ இயக்காதீர்கள். காற்றைத் தடுக்க வேண்டுமானால், திறந்த வெளியில், சுவரிலிருந்து கையேடு சொல்லும் தொலைவு விட்டு, காற்று வீசும் பக்கத்தில் மட்டும் எரியாத பொருளாலான தடுப்பை வையுங்கள்.

ஆகவே கடைக்குப் போகும்போது மூடியை நீங்களே தூக்கி, விளிம்பில் இரண்டு தகடுகள் தெரிகின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். மூடியும் இரட்டைச் சுவர் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். உச்ச வெப்பநிலை எந்த வானிலையில் அளக்கப்பட்டது என்று கேளுங்கள். என் கையேட்டின் கடைசிப் பக்கத்தில், மிகச் சிறிய எழுத்தில், காற்றில்லாத 20 டிகிரி என்றிருந்தது. போர்வை தேவைப்பட்டால் அதே நிறுவனம் அதே மாடலுக்கென்று செய்ததாக இருக்கட்டும். வெளிப்புறப் பயன்பாட்டுக்குரிய, குட்டையான, தடித்த மின்கம்பியைப் பயன்படுத்துங்கள். நீண்ட மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் குறைந்து, பற்றவைக்கும் கம்பி போதிய சூடு பெறாது. பெல்லட்டை ஹாப்பரிலேயே விட்டு வைக்காதீர்கள்: ஈரம் பட்டால் அது ஊதித் தூளாகி, ஆகருக்குள் சிமெண்ட் போல இறுகிவிடும். கொழுப்பு வடியும் குழாயும் குளிரில் உறைந்து அடைபடும். தேங்கிய கொழுப்பு தீப்பிடிக்கும் என்பதால் ஒவ்வொரு சமையலுக்கு முன்பும் அதைப் பாருங்கள்.

வாங்கும் காலமும் முக்கியம் என்பதைப் பட்டுத்தான் அறிந்தேன். திருப்பிக் கொடுக்க எனக்கிருந்த அவகாசம் 30 நாட்கள். முதல் உறைபனி வருவதற்கு முன்பே அது முடிந்துவிட்டது. உற்பத்தியாளரின் உத்தரவாதமோ பாகங்கள் பழுதடைந்தால் மட்டுமே செல்லும். என் அடுப்பில் எந்தப் பாகமும் பழுதடையவில்லை என்று கடிதம் வந்தது. குளிர் வந்த பின் வாங்கி, முதல் வாரத்திலேயே காற்று வீசும் ஒரு நாளில் ஆறு மணி நேரம் ஓட்டிப் பார்த்திருந்தால், நான் அதைத் திருப்பிக் கொடுத்திருக்க முடியும்.

இப்போது அதை விற்க முன்வந்திருக்கிறேன். பார்க்க வந்த முதல் நபர், குளிர்காலத்தில் சமைக்க முடியுமா என்றுதான் கேட்டார். மூடியைத் தூக்கி விளிம்பைக் காட்டினேன். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோடைக்கு மட்டும் தேடும் ஒருவர் வரும்வரை அது கொட்டகையிலேயே இருக்கட்டும்.