‘சின்ன வேலைதான் இருக்கு’ என்று விற்கப்பட்ட சிஎன்சி மெஷின்: வாங்கி ஓட்டிய அனுபவம்

பழைய சிஎன்சி ரூட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்படி மரத்தைச் செதுக்கும் மெஷின், விற்கிற யாரும் ‘ரிப்பேர்’ என்ற வார்த்தையை வாயில் எடுக்க மாட்டார்கள். “நல்லா ஓடிட்டிருந்த மெஷின் சார், சின்ன வேலைதான் இருக்கு” என்பார்கள். அந்தச் சின்ன வேலை சில நூறு ரூபாய் சென்சாராகவும் இருக்கலாம், ஸ்பிண்டில் (வெட்டும் முனையான பிட்டைச் சுழற்றும் மோட்டார்), டிரைவ் (மற்ற மோட்டார்களுக்குக் கரண்ட் கொடுத்து ஓட்டும் பெட்டி), கன்ட்ரோல் கார்டு என்று வரிசையாக இழுத்துக்கொண்டு போவதாகவும் இருக்கலாம். எனக்கு வாய்த்தது இரண்டுக்கும் நடுவில். சில வருடங்களாக எங்கள் பட்டறையின் கதவு, நிலை, பூஜை அறை வேலை எல்லாம் அதில்தான் ஓடுகிறது. வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: வாங்குங்கள், ஆனால் இரும்புக்கு மட்டும் காசு கொடுங்கள். கரண்ட் ஓடுகிற எதற்கும் விலை போடாதீர்கள்.

மெஷினைப் பற்றி முதலில். 4க்கு 8 அடி பெட், ஒற்றை ஹெட், தண்ணீரில் குளிரும் 3 கிலோவாட் ஸ்பிண்டில். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ரேக் பினியன் (பல் வைத்த கம்பியும் அதில் ஓடும் பல்சக்கரமும்), ஏற்ற இறக்கத்துக்கு பால் ஸ்க்ரூ (திருகுத் தண்டு). கன்ட்ரோல் ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள் சொருகிய பிசிஐ கார்டு வழியாக. ஈரோடு பக்கம் மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து எடுத்தேன். இதே அளவில் புதிது வாங்கினால் பல லட்சம். இது ஒன்றரை லட்சத்துக்குள் முடிந்தது.

பார்க்கப் போனபோது லைன் துண்டித்திருந்தார்கள். “கரண்ட் இல்லாம என்னத்த சார் பார்ப்பீங்க?” என்று விற்பவர் சங்கடப்பட்டார். உண்மையில் பார்க்க வேண்டியதில் முக்கால்வாசி கரண்ட் இல்லாதபோதுதான் தெரியும். மோட்டார்கள் பிடிப்பில் இல்லை என்பதால் மேலே குறுக்கே நிற்கும் பாலத்தைக் கையால் தள்ளலாம். கியர் பாக்ஸ் இருந்தால் கொஞ்சம் கனக்கும், அது பரவாயில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே கனமாகப் போகிறதா என்பதுதான் விஷயம். நடுவில் ஓரிடத்தில் மட்டும் லொடலொடவென்று லேசாகிவிட்டால், அங்கே ரேக் பல் தேய்ந்திருக்கிறது. பெரும்பாலும் பெட்டின் முன்பாதிதான் அப்படித் தேயும், ஆட்கள் பலகையை எப்போதும் அங்கேயே கட்டுவதால். அப்புறம் கைடு ரெயிலைத் துணியால் துடைத்துவிட்டு நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். தேக்குத் தூளும் கிரீஸும் கலந்து களிம்பாக ஒட்டியிருக்கும். அதற்கடியில் துருப் புள்ளி விழுந்திருந்தால் நகம் இடறும். அந்த ரெயில் மீது ஓடும் பிளாக்கின் உருளைகளும் சேதமாகியிருக்கும்.

கையோடு ஒரு டயல் கேஜ் கொண்டுபோயிருந்தேன். காந்த ஸ்டாண்டைப் பெட்டில் ஒட்டி, முள்ளை ஸ்பிண்டில் உடம்பில் வைத்து, ஸ்பிண்டிலை இரு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தால் எவ்வளவு ஆட்டம் என்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்துவிடும். மர வேலைக்கு 0.05 மி.மீ. ஆட்டம் ஒரு பொருட்டில்லை. 0.3 என்றால் யோசிக்க வேண்டும். சிற்பம் செதுக்கும்போது பிட் ஒரு வரி போய் அடுத்த வரி திரும்பி வரும். ஆட்டம் இருக்கிற மெஷினில் போன வரியும் வந்த வரியும் சேராமல் லட்சுமியின் மூக்கு ஓரம் ரம்பப் பல்லாகத் தெரியும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் அது போகாது. என் மெஷினில் ஏற்ற இறக்கத்தில் கொஞ்சம் ஆட்டம் இருந்தது, மற்ற இரண்டும் சுத்தம். அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தேன்.

ஸ்பிண்டிலைப் பொறுத்தவரை பிட்டைப் பிடிக்கும் காலெட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். கூம்பாக இருக்கும் அந்த உட்புறம் பளபளவென்று இருக்க வேண்டும். வளையம் வளையமாகக் கீறல் இருந்தால், சரியாக இறுக்காத பிட் உள்ளேயே சுற்றியிருக்கிறது. அந்த ஸ்பிண்டிலில் எந்தப் பிட் போட்டாலும் நேராகச் சுற்றாது. கையால் சுழற்றும்போது கரகரவென்றால் பேரிங் போய்விட்டது. பேரிங் மாற்றலாம், ஆனால் இதில் இருக்கும் ஆங்குலர் காண்டாக்ட் வகை பேரிங்கை ஜோடி திசை பார்த்து அழுத்தம் சரியாக வைத்துப் போடத் தெரிந்தவர் வேண்டும். மோட்டார் வைண்டிங் கடையில் சும்மா தட்டிப் போட்டுக் கொடுத்தால் சீக்கிரமே பழைய சத்தம் திரும்பிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், இதில்தான் பலரின் ஸ்பிண்டில் புகைந்திருக்கிறது. இந்த வகை ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 24,000 சுற்று சுற்றுவது 400 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில். வீட்டு லைனில் வருவது 50 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற விஎஃப்டி பெட்டிதான் அதை மாற்றிக் கொடுக்கிறது. பழைய பெட்டி செத்துப்போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்து, உள்ளே இருக்கிற கம்பெனி செட்டிங்கை மாற்றாமல் ஸ்விட்ச் போட்டால், அது 50 ஹெர்ட்ஸிலேயே முழு வோல்டேஜையும் தள்ளிவிடும். ஸ்பிண்டில் 3,000 சுற்றில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே சூடேறும். பார்ப்பவர் ‘வேகம் கம்மியா இருக்கே’ என்று யோசித்து முடிப்பதற்குள் சுருள் கருகிவிடும். அடிப்படை அதிர்வெண், உச்ச அதிர்வெண், வோல்டேஜ், ஆம்பியர் இந்த நான்கையும் ஸ்பிண்டில் மேல் ஒட்டியிருக்கிற தகட்டைப் பார்த்துப் போட்ட பிறகுதான் ஸ்விட்சைத் தொட வேண்டும். எனக்கு விஎஃப்டி மாற்ற வேண்டியிருந்தது. பக்கத்து ஊர் எலக்ட்ரீஷியனை விட்டுவிட்டு, கோயம்புத்தூரிலிருந்து சிஎன்சி சர்வீஸ் தம்பியை வரவழைத்ததே இதற்காகத்தான்.

கொண்டுவருவது தனி வேலை. டன் கணக்கில் எடை. ஹைட்ரா கிரேன் வைத்துத் தூக்கும்போது பெல்ட்டை அடி ஃபிரேமில்தான் போட வேண்டும். பாலத்தில் போட்டால் அது லேசாக முறுக்கிக்கொள்ளும், அப்புறம் எந்தச் சதுரமும் சதுரமாக வராது. பாலத்தை ஒரு முனையில் வைத்துக் கட்டி, ஸ்பிண்டிலுக்குக் கீழே கட்டை முட்டுக் கொடுத்தோம். இறக்கிய பிறகு லெவல் பார்த்து, பெட் மேல் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை போட்டு, பெரிய பிட்டால் அதை முழுக்க ஒரு தடவை சீவினோம். ஒரு பெரிய செவ்வகம் வரைந்து இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று அளந்தோம். அது சரியாக வந்த பிறகுதான் மரத்தை ஏற்றினோம்.

முதல் சில வாரம் நன்றாகவே ஓடியது. அப்புறம் ஆரம்பித்தது ஒரு விசித்திரம். பூவேலை செதுக்கிக்கொண்டே போகும், திடீரென்று டிசைன் முழுவதும் சில மில்லிமீட்டர் இடது பக்கம் தள்ளிப் போய்விடும். சில நாள் வரும், சில நாள் வராது. சர்வீஸ் தம்பி போனில் டிரைவ் மாற்றச் சொன்னார், மாற்றினோம். ஃபைலில் கோளாறு இருக்கும் என்றார் டிசைனர். எங்கள் பட்டறைப் பெரிய ஆசாரிதான் ஒன்றைக் கவனித்தார். “தம்பி, ரெண்டடிப் பலகையில இது வர்றதே இல்ல. அகலப் பலகை போட்டாத்தான் வருது.” அது போதுமானதாக இருந்தது. ஹெட் வலது ஓரத்துக்குப் போகும்போது ஒயர்கள் போகும் கேபிள் செயின் ஒரே இடத்தில் மடிகிறது. மெயினை அணைத்துவிட்டு, மோட்டார் ஒயரின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு அந்த மடிப்பை அசைத்தால் பீப் சத்தம் விட்டு விட்டு வந்தது. மேலுறை புத்தம்புதிது மாதிரி இருக்கிறது, உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கின்றன. சாதாரண ஒயரை யாரோ போட்டிருக்கிறார்கள். வளைந்து கொடுக்கும் இழை ஒயர், அதுவும் உறைக்குள் கம்பிப் பின்னல் உள்ளதை வாங்கி நாலு மோட்டாருக்கும் புதிதாக இழுத்தோம். அதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. ஒரு எச்சரிக்கை: டிரைவில் கரண்ட் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம், டிரைவ் அந்த நொடியே போய்விடும்.

கம்ப்யூட்டர்தான் இந்த மெஷின்களின் உண்மையான ஆயுள் ரேகை. பிசிஐ கார்டு சொருகும் இடம் இப்போதைய மதர்போர்டுகளில் பெரும்பாலும் கிடையாது. சாஃப்ட்வேர் விண்டோஸ் எக்ஸ்பியில் உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2014இல். அதனால் பயமில்லை, இன்டர்நெட் கொடுக்காமல் தனியாக வைத்தால் அது பாட்டுக்கு ஓடும். பயம் ஹார்டு டிஸ்க்கைப் பற்றித்தான். வாங்கியதும் நான் செய்த முதல் வேலை பாராமீட்டர் பக்கங்களை ஒவ்வொன்றாக மொபைலில் போட்டோ எடுத்தது. ஒரு சுற்றுக்கு எத்தனை பல்ஸ், எந்தப் பக்கம் ஹோம் (தொடக்கப் புள்ளி), வேகம், முடுக்கம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அந்த எண்கள் போய்விட்டால் ஒரு அடி வெட்டச் சொன்னால் பத்தரை அங்குலம் வெட்டும். பிறகு டிஸ்க்கை அப்படியே இன்னொன்றுக்கு நகல் எடுத்து பீரோவில் வைத்தேன். கம்ப்யூட்டர் இல்லாமல் கையில் பிடித்து இயக்கும் டிஎஸ்பி ரிமோட் உள்ள மெஷின் கிடைத்தால் இந்தத் தலைவலி குறைவு. அதில் யுஎஸ்பி சொருகும் இடமும் டிஸ்பிளேயும்தான் முதலில் போகும், ரிமோட்டைத் தனியாகவே வாங்கி மாற்றலாம்.

அன்றாடம் ஓட்டுவதில் இரண்டு விஷயம் மட்டும். ஒன்று தண்ணீர். நம்மூர் போர் தண்ணீரை ஸ்பிண்டிலுக்கு விட்டால் உள்ளே உப்புப் படிந்து துளை சிறுத்துவிடும், பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், ஸ்பிண்டில் கொதிக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கி ஊற்றுகிறேன். திரும்பி வரும் குழாயை வாளிக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறோம், தண்ணீர் விழுகிற சத்தம் கேட்க வேண்டும். இன்னொன்று கரண்ட் கட். கம்ப்யூட்டருக்கு மட்டும் யுபிஎஸ் வைத்தால் ஆபத்து. மோட்டார்கள் நின்றுவிடும், கம்ப்யூட்டர் மட்டும் ஹெட் போய்க்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டே போகும். கரண்ட் வந்ததும் எங்கே விட்டோம் என்பது மெஷினுக்கே தெரியாது. லைன் போனால் கன்ட்ரோலுக்கும் சேர்த்து நிறுத்தச் சொல்லும் ஒரு ரிலே போட்டுக்கொண்டோம். ஹோம் சுவிட்ச் ஒழுங்காக இருந்தால் பழைய புள்ளிக்குத் திரும்பப் போய் விட்ட வரியிலிருந்து தொடரலாம்.

வேகத்தைப் பற்றிப் பெரிய கனவு வேண்டாம். 600க்கு 450 மி.மீ. அளவில் ஒரு கஜலட்சுமி. வரிக்கு வரி கால் மில்லிமீட்டர் இடைவெளி என்றால் 1,800 வரி, மொத்தம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பிட் ஓட வேண்டும். நிமிடத்துக்கு 3 மீட்டர் என்று வைத்தால் 6 மணி நேரம். இடைவெளியை இரட்டிப்பாக்கினால் 3 மணி நேரம், ஆனால் உப்புத்தாள் வேலை கூடிவிடும். தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா உண்டு, கார்பைடு முனையே சீக்கிரம் மழுங்கும். வேம்பு, வாகை எல்லாம் பிட்டுக்கு இதம்.

ஆசாரிக்கு வேலை போய்விடும் என்று எங்கள் தெருவில் பேசினார்கள். போகவில்லை. மூன்று திசையில் மட்டும் ஓடுகிற மெஷினுக்கு உள்குடைவு வராது. யாளியின் வாய்க்குள், துதிக்கை வளைவுக்கு அடியில், மாலை மார்பிலிருந்து விலகித் தொங்கும் இடத்தில் எல்லாம் உளிதான். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தக் கைவேலைப் பக்கத்தில் மெஷின் வேலையை வைத்தால் ஆழம் எங்கே நின்றுவிட்டது என்று பார்த்தவுடன் தெரியும். இன்னொரு வருத்தம், கடைகளில் பென் டிரைவில் அள்ளிக் கொடுக்கிற டிசைன் ஃபைல்கள். ஓசூரிலிருந்து நாகர்கோவில் வரை ஒரே பிள்ளையார், ஒரே மயில். எங்கள் பெரிய ஆசாரி களிமண்ணில் செய்து கொடுக்கும் முகங்களை ஸ்கேன் பண்ணி ஃபைலாக்கத் தொடங்கிய பிறகு கேட்டு வருகிற வாடிக்கையாளர்கள் கொஞ்சம் மாறியிருக்கிறார்கள்.

சாஃப்ட்வேருக்கும் பட்ஜெட்டில் இடம் வையுங்கள். பழைய மெஷினோடு ‘ஆர்ட்கேம் போட்டுத் தர்றோம்’ என்பார்கள், செதுக்க டிசைன் போடும் சாஃப்ட்வேர் அது. அதை வைத்திருந்த ஆட்டோடெஸ்க் கம்பெனி அதன் விற்பனையையே 2018இல் நிறுத்திவிட்டது, அதன் வாரிசாக வந்தது கார்வெகோ. சும்மா போட்டுத் தருவது எதுவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வண்டி, ஹைட்ரா, விஎஃப்டி, ஒயரிங், ஒரு டிரைவ், பால் ஸ்க்ரூ நட், எர்த் குழி எல்லாம் சேர்த்து, வாங்கிய விலையில் பாதிக்குக் கொஞ்சம் கீழே செலவானது. அதனால் இப்போது யாராவது மெஷின் பார்க்க என்னைக் கூப்பிட்டால், விற்பவர் அதே அளவு புது மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேட்டால் திரும்பி வந்துவிடச் சொல்கிறேன். ‘ஓடுது’ என்று காட்டும் மெஷினைவிட, இன்ன கோளாறு என்று தெளிவாகச் சொல்லி நிற்கிற மெஷினுக்கே என் ஓட்டு, ஏனென்றால் அதில் பேரம் பேச இடம் இருக்கிறது. ரெயிலும் ரேக்கும் கெட்டிருந்தால் மட்டும் இரும்புக் கடை விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். அப்புறம், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் ஊருக்கு வரக்கூடிய ஒரு சர்வீஸ் ஆளிடம் கன்ட்ரோல் கார்டின் போட்டோவை அனுப்பி, “இதுக்கு பார்ட்ஸ் கிடைக்குமா?” என்று கேட்டுவிடுங்கள். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றால் விலையை இன்னும் இறக்கலாம், போனையே எடுக்கவில்லை என்றால் வேறு மெஷின் பார்க்கலாம்.