கிளிப் மூடி போட்ட மசாலா ஜாடிகள்: எட்டு மாதம் புழங்கிய பிறகு

பூண்டுத்தூளும் வெங்காயத்தூளும் கல்லாக இறுகிப்போய், கத்தி முனையால் குத்திக் குத்தி எடுக்கும் நிலை வந்த பிறகுதான் ஆறு ஜாடி கொண்ட இந்த செட்டை வாங்கினேன். கண்ணாடி ஜாடி, கண்ணாடி மூடி, நடுவில் சிலிக்கோன் வளையம், இழுத்து மாட்ட ஒரு கம்பிக் கிளிப். கூடவே, ஓட்டை வைத்த மூடியோடு தூவுவதற்கென்று இரண்டு சின்ன பாட்டில்கள்.

வந்த அன்றே ஒரு சோதனை செய்தேன். ஒவ்வொன்றிலும் காய்ந்த டிஷ்யூ பேப்பரை மடித்துப் போட்டு, மூடி, ஒரு வாளித் தண்ணீரில் கனம் வைத்து அமுக்கி ஒரு மணி நேரம் விட்டேன். ஐந்து ஜாடிகளில் பேப்பர் அப்படியே இருந்தது, ஆறாவதில் ஓரம் நனைந்திருந்தது. சரி, விரிசலாக இருக்கும் என்று பார்த்தால், வளையம் தன் இடத்தில் உட்காராமல் ஓரிடத்தில் முறுக்கிக்கொண்டிருந்தது. எடுத்துச் சரியாகப் பொருத்தியதும் அதிலும் சொட்டுத் தண்ணீர் போகவில்லை. இந்த ஜாடிகளின் உயிரே அந்த வளையம்தான், மற்றதெல்லாம் அழகுக்கு.

எட்டு மாதத்தில் காற்றே ஈரமாக இருந்த வாரங்கள் பல வந்துபோயின. பூண்டுத்தூள் இன்றும் பொலபொலவென்று உதிர்கிறது, எனக்கு அது பெரிய நிம்மதி. மிளகுத்தூளை வைத்து எந்த டப்பாவையும் எடைபோட வேண்டாம், அது சுமாரான டப்பாவிலும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பூண்டிலும் வெங்காயத்திலும் இருக்கும் சர்க்கரைச் சத்துதான் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. துகளின் மேற்பரப்பு பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டுகிறது, பிறகு காயும்போது ஒட்டிய இடமே இறுகிக் கட்டியாகிறது. உப்பு வேறு மாதிரி, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் அது தண்ணீர் விட ஆரம்பிக்கும்.

ஆனால் ஜாடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஈரத்தை நாமே உள்ளே விட்டால் அது என்ன செய்யும்? முதல் மாதம் ஒரு ஜாடியைக் கழுவி, துடைத்து, காய்ந்துவிட்டது என்று நம்பி வெங்காயத்தூளைக் கொட்டினேன். இரண்டு நாளில் கழுத்தைச் சுற்றி ஒரு பட்டையாகத் தூள் இறுகிவிட்டது, காரணம் வளையத்துக்கு அடியில் தங்கியிருந்த தண்ணீர். இப்போது வளையத்தைக் கழற்றித் தனியாக ஒரு நாள் முழுக்கக் காயவைத்துத்தான் மாட்டுகிறேன். இன்னொன்று, பூண்டு வாசனை அந்த வளையத்தை விட்டுப் போகவே போகாது, அதனால் வளையங்களை மாற்றி மாட்டிவிடாதீர்கள்.

அந்தத் தூவும் பாட்டில்களை வாங்காதீர்கள் என்றே சொல்வேன். மூடியில் வளையம் கிடையாது, ஓட்டையின் மேல் ஒரு பிளாஸ்டிக் மடல் மட்டும்தான். கொதிக்கிற பாத்திரத்துக்கு மேல் பிடித்துத் தூவினால் ஆவி நேராக உள்ளே ஏறுகிறது, ஒரே வாரத்தில் ஓட்டைகள் அடைத்துவிட்டன. எந்தப் பாட்டிலாக இருந்தாலும், காய்ந்த கரண்டியில் அடுப்புக்குத் தள்ளி எடுத்து அப்புறம் பாத்திரத்தில் போடுவதுதான் சரி. இந்த ஜாடிகளின் வாய் அகலமாக இருப்பதால் கரண்டி தாராளமாகப் போகிறது.

கூட வந்த சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் உண்மையாகவே வேலை செய்கின்றன. ஆரஞ்சு நிற மணிகள், ஈரம் ஏற ஏறப் பச்சையாகின்றன. சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம் என்று பொட்டலத்திலேயே போட்டிருக்கிறது. 120 டிகிரி செல்சியஸ் அவனில் இரண்டு மணி நேரம் வைத்ததும் பழைய நிறம் வந்துவிட்டது. நீல நிற மணிகள் வந்தால் மட்டும் உணவுப் பொருள் பக்கமே கொண்டுபோகாதீர்கள், நிறத்துக்காக அவற்றில் கோபால்ட் குளோரைடு சேர்ப்பதுண்டு.

விளம்பரப் படத்தில் இந்த ஜாடிகளை அடுப்புக்கு மேலே வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள், எனக்கு அதைப் பார்த்தாலே பதறுகிறது. சூடும் ஆவியும் ஒரே இடத்தில், போதாததற்கு வெளிச்சம் பட்டால் மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் வெளுக்கும். கண்ணாடி என்பதால் கதவுள்ள அலமாரியில்தான் வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர்கள், வெளியே எடுத்ததும் திறந்துவிடாமல் ஜாடியின் குளிர்ச்சி முழுக்கப் போகும்வரை பொறுத்திருங்கள், இல்லையென்றால் வெளிக்காற்றின் ஈரம் தூளின் மேலேயே படியும்.

ஆறு ஜாடிக்காக மட்டும் இந்த செட்டைத் தாராளமாக வாங்கலாம். ஒரே மனக்குறை, மாற்று வளையம் தனியாக விற்பதில்லை. விற்றவர்களுக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டுவிட்டேன், இன்னும் பதில் வரவில்லை.