டர்பன் விமான முனையக் கூரை: செடிகளா, சூரியத் தகடுகளா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரை ஒட்டிய டோங்காட், வெருலம் ஊர்களின் தமிழ்க் குடும்பங்களுக்கு மிக அருகில், லா மெர்சியில் 2010 மே மாதம் திறக்கப்பட்டது கிங் ஷாகா விமான நிலையம். இத்தகைய முனையத்தின் அகன்ற கூரைக்கு எது ஏற்றது: மண் பரப்பிச் செடி வளர்க்கும் பசுமைக் கூரையா, சூரிய மின்தகடுகளா?

பசுமைக் கூரையின் பெரிய பலம் மழைநீர். நான்கு அங்குல மண்கூட மழையை உறிஞ்சி, வடிகாலுக்கு மெதுவாக விடும். 2022 ஏப்ரலில் கொட்டியதைப் போன்ற பேய்மழையை அது தடுக்காது. வழக்கமான கோடை மழையைத் தாங்கும். கீழே இருக்கும் கூடமும் குளிரும். டர்பன் மாநகராட்சியே தன் கட்டடம் ஒன்றின் மேல் இதைச் சோதித்திருக்கிறது.

ஆனால் நனைந்த மண் சதுர மீட்டருக்கு நூறு கிலோவைத் தாண்டிவிடும். சூரியத் தகடுகள் ஏறக்குறைய இருபது கிலோதான். தூண்கள் தள்ளித் தள்ளி நிற்கும் முனையத்தில் இந்த வித்தியாசம் இரும்புச் செலவாக மாறும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது பறவைகள். நிலையத்தை ஒட்டிய மவுண்ட் மோர்லண்ட் நாணல் சதுப்பில், ஆண்டுதோறும் ஐரோப்பாவிலிருந்து இலட்சக்கணக்கான தகைவிலான் குருவிகள் வந்து இரவு தங்குகின்றன. அவற்றைக் கண்காணிக்க நிலையத்தில் ரேடார் வைத்தார்கள். செடிகள் பூச்சிகளை வரவழைக்கும்; பூச்சிகளைத் தேடிக் குருவிகள் ஓடுபாதைப் பக்கம் வரும். விமானத்துக்கும் ஆபத்து, குருவிக்கும் ஆபத்து.

தகடுகளில் விமானியின் கண் கூசாதபடி கோணத்தைக் கணிக்க வேண்டும், அவ்வளவுதான். மின்வெட்டை நன்கறிந்த இந்த நாட்டில், ஜார்ஜ் நகர விமான நிலையம் 2016 முதலே சூரிய மின்சாரத்தைப் பயன்படுத்துகிறது.

முனையத்துக்குத் தகடுகளே என் தேர்வு. செடிக் கூரையை நகருக்குள், எடை தாங்கும் பள்ளிகள் மீதும் சந்தைகள் மீதும் அமைக்கட்டும்.