வாடகை 1,000 சதுர அடிக்கு, அளந்தால் இருப்பது 640

மேலமாசி வீதியில் மாடி அறையொன்றில் பத்து ஆண்டுகளாக வரிக்கணக்கு அலுவலகம் நடத்தி வந்தேன். படியேற முடியாத வயதான வாடிக்கையாளர்களுக்காக லிஃப்ட் உள்ள இடம் தேடியபோது, நகரின் மேற்கே பழைய நூற்பாலை நிலத்தில் எழும்பியிருக்கும் உயரமான அலுவலகக் கட்டடம் ஒன்றைத் தரகர் காட்டினார். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்பதால் இத்தகைய கட்டடங்கள் வெளிப்பகுதிகளில்தான் எழும்புகின்றன. அங்கிருந்து தெற்குக் கோபுரம் தெரியும் என்று விளம்பரத்தில் இருந்தது. ஆறாவது மாடியில் எனக்குக் கிடைத்த அறையின் ஜன்னலில் தெரிந்ததோ ஜெனரேட்டரின் புகைக்குழாய்.

சதுர அடிக்கு 40 ரூபாய் வீதம் 1,000 சதுர அடிக்கு மாதம் 40,000 ரூபாய் வாடகை, ஆறு மாத அட்வான்ஸ் என்று ஒப்பந்தமானது. மேசைகள் அடங்காததைக் கண்டு தச்சர் நாடாவை விரித்து அளந்தபோதுதான் சுவருக்குள் இருப்பது 640 சதுர அடி என்று தெரிந்தது. படிக்கட்டு, லிஃப்ட் முன்கூடம், நடைபாதை, காவலர் அறை ஆகியவற்றில் என் பங்கு என்று 360 சதுர அடியை ஏற்றியிருக்கிறார்கள். தொழிலில் இதற்கு 'லோடிங்' என்று பெயர். உண்மையில் நான் கொடுப்பது சதுர அடிக்கு 62 ரூபாய் 50 காசு. ஊருக்கெல்லாம் கணக்குப் பார்ப்பவன் தன் கணக்கைப் பார்க்காமல் கையெழுத்திட்டதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். கேட்டதற்கு மேலாளர், "எல்லாக் கட்டடத்திலும் இப்படித்தான் சார்" என்றார். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், வெளிச்சுவரையும் பொது இடங்களையும் சேர்க்காத 'கார்பெட் ஏரியா' எதுவென்று வரையறுத்திருந்தாலும், அது விற்பனைக்கு வரும் இடங்களுக்கானது. வாடகைக்கு வருபவருக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே கதி. என் ஒப்பந்தத்தில், பொது இடங்களின் பங்கையும் சேர்த்த பரப்பைக் குறிக்கும் 'சூப்பர் பில்ட்அப்' என்ற சொல் பின்னிணைப்பில் பொடி எழுத்தில் இருந்தது.

பராமரிப்புக் கட்டணமும் அதே 1,000 சதுர அடிக்குத்தான். அதற்குள் ஜெனரேட்டர் செலவும் அடங்கும் என்று வாய்மொழியாகச் சொன்னவர்கள், மின்சாரம் நின்ற முதல் நாளிலேயே அது நடைபாதை விளக்குகளுக்கு மட்டும் என்று கைவிரித்தார்கள். லிஃப்ட் ஓடாததால், எவருக்காக இடம் மாறினேனோ அந்த முதியவர் ஒருவர் ஆறு மாடி ஏறி மூச்சிரைக்க வந்து நின்றார்.

ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் நாடாவுடன் சென்று சுவருக்குச் சுவர் அளந்து, அந்த எண்ணையே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். முடிந்தால், அந்தப் பகுதித் துணைமின் நிலையத்துக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிக்கப்படும் நாளில் சென்று, லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.