விற்றால் காசா, விளையாடினால் காசா?

"மாமா, ரோப்லாக்ஸா ஃபோர்ட்நைட்டா? எதுல மேப் செஞ்சா காசு வரும்?" பெங்களூர் அல்சூரில் இருக்கும் அக்கா பையன் கேட்டான். செகண்ட் பி.யு. (பன்னிரண்டாம் வகுப்பு), பதினேழு வயது. இரண்டுமே ஆன்லைன் விளையாட்டுத் தளங்கள்; நாமே ஒரு விளையாட்டை, அதாவது மேப்பை, செய்து அதில் போடலாம்.

ரோப்லாக்ஸ் பெட்டிக்கடை மாதிரி. அங்கே செல்லும் காசுக்கு ரோபக்ஸ் என்று பேர். விளையாட்டுக்குள் 100 ரோபக்ஸுக்கு ஒரு பாஸ், அதாவது ஒரு கூடுதல் வசதி, விற்றால் 70 நமக்கு. அவன் ஏற்கெனவே ஒரு தாண்டுகிற விளையாட்டு செய்து, வேகமாக ஓடும் செருப்பை 50 ரோபக்ஸுக்கு வைத்திருக்கிறான். ஒன்பது பேர் வாங்கியிருக்கிறார்கள். திரையில் 315 என்று பெருமையாகக் காட்டினான். சரி, ஆனால் அது ரொக்கமில்லையே! சம்பாதித்த ரோபக்ஸ் 30,000 சேர்ந்தால்தான் டாலராக மாற்றக் கேட்கலாம். அப்போதும் கைக்கு வருவது நூறு டாலருக்குக் கொஞ்சம் மேல். அதே 30,000-ஐக் காசு கொடுத்து வாங்கினால் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகும்.

ஃபோர்ட்நைட்டின் கணக்கு வேறு. 2023 மார்ச்சிலிருந்து, ஐட்டம் ஷாப் (உடை முதலியவற்றை விற்கும் ஃபோர்ட்நைட்டின் சொந்தக் கடை) போன்றவற்றின் நிகர வருமானத்தில் 40 சதவீதத்தை ஒதுக்கி, ஆட்களை இழுத்துத் தக்கவைக்கும் தீவுகளுக்கு (அங்கே மேப்புக்கு அந்தப் பேர்) பிரித்துக் கொடுக்கிறார்கள். எதையும் விற்காமலே பங்கு கிடைக்கும். எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. சிறுவர்களிடம் செருப்பு விற்க வேண்டியதில்லை. ஆனால் கூட்டம் இருக்கும் இடத்துக்கே பணமும் போவதால், ஓடுகிற தீவைப் பார்த்து அப்படியே இன்னொன்று செய்கிறவர்களும் அதிகம்.

அப்புறம் விதிமுறையைப் பார்த்தால், அங்கே பங்கு வாங்கப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். ரோப்லாக்ஸில் பதிமூன்றே போதும். பையன் செருப்பு விலையை 40 ஆகக் குறைக்கப் போய்விட்டான்.